மாமா தூக்காத கொடி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில், ஊரே கூடியிருந்த மைதானத்தில், என் தாய்மாமாவை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள் நான். கேட்டது தப்பு என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை; இனிமேலும் சொல்கிற உத்தேசம் இல்லை. எங்கள் வீட்டில் இந்தக் கதையை ‘வாயாடி’ என்று ஆரம்பித்து ‘பிடிவாதக்காரி’ என்று முடிப்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்கிற கதையில் கால்பந்தே இருக்காது. கால்பந்து இல்லாமல் இந்தக் கதை யாருக்கும் புரியாது. அதனால் நானே சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆவூருக்கும் விராலிமலைக்கும் நடுவில் இருக்கிறது. மாதா கோவில் திருவிழாவுக்குத் தேர் எப்படியோ அப்படித்தான் எங்களுக்குக் கால்பந்துப் போட்டியும். ஆம்பளைப் பையன்கள் காலங்காலமாக ஆடிவந்த போட்டியில் ஒரு வருஷம் பெண்களுக்கும் இடம் கொடுத்தார்கள். கொடுத்ததும் போதும், அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு டீம் வந்து எங்களுக்கு ஆறு கோல் போட்டுவிட்டுப் போனது. நான் அப்போது மாற்று ஆட்டக்காரி. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து குச்சி ஐஸ் தின்றுகொண்டு அத்தனையையும் பார்த்தேன்.

இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, எங்கள் பத்துப் பேரும் பந்து போகிற பக்கமெல்லாம் கூட்டமாக ஓடினார்கள். அகத்திக்கீரைக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர் நடந்தால் பின்னால் ஆடுகள் ஓடுமே, அந்த ஓட்டம். இன்னொன்று, எங்கள் ஆள் தப்பித் தவறிக் கோல் பக்கம் போனாலே விசில் ஊதியது. ஆஃப்சைடு. எண்ணிப் பார்த்தேன், கைவிரல்கள் போதவில்லை. ரெஃப்ரியை அவர்கள் கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய பின்வரிசை நால்வரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆள் பந்தை உதைக்கப் போகிற நேரம் பார்த்து நாலு பேரும் ஒன்றாக நாலு எட்டு முன்னால் வந்தார்கள். எங்கள் ஃபார்வர்டு அவர்களுக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொண்டு விழித்தாள்.

ஆஃப்சைடு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எதிர்ப்பாதியில் நம் ஆள் பந்துக்கு முன்னால் ஓடி நிற்கலாம். ஆனால் பந்து உதைபடுகிற அந்த நொடியில் அவளுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிராளிகள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருத்தி எப்படியும் கீப்பர். இன்னொருத்தி? பின்வரிசை மொத்தமும் முன்னால் ஏறிவிட்டால் இன்னொருத்தி கிடையாது. அவளைத் தொடாமல், தள்ளாமல், சும்மா நாலு எட்டு நடந்தே அவளைக் குற்றவாளி ஆக்கிவிடலாம். இவ்வளவு அழகான ஒரு களவாணித்தனத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் அதே அறந்தாங்கிக்காரிகளுக்கு அதைத் திருப்பிக் கொடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வருஷம் பி.டி. மிஸ் எங்களை நாலு, நாலு, இரண்டு என்று பிரித்து நிறுத்தினார். கீப்பரை எண்ணக் கூடாது. பின்னால் நாலு பேர், நடுவில் நாலு பேர், முன்னால் இரண்டு பேர். அவரவர் இடத்தைவிட்டுப் பந்தின் பின்னால் ஓடினால் மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு. வயதுக்கு மீறிய உயரம் என்பதால் எனக்குப் பின்வரிசையின் நடுவிடம், சென்டர் பேக். என் இடப்பக்கக் கடைசியில், கோட்டோரமாக லெஃப்ட் பேக், என் அக்கா. மற்ற இரண்டு பேரும் அக்காவின் வகுப்புத் தோழிகள். அந்த வரிசையிலேயே சின்னவள் நான்தான்.

நாலு பேரும் சேர்ந்து ஏறலாம் என்று நான் சொன்னபோது மிஸ் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “ஒருத்தி பிசகுனா போச்சு. கோலுதான். பேசாம பின்னாடி நின்னு தடுங்க.” நான் பேசாமல் இருக்கிற ஆளா? ஒரு வாரம் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் மிஸ் கையெடுத்துக் கும்பிட்டு, “என்னமோ பண்ணித் தொலைங்க” என்றார்.

அம்மாவின் பழைய ஊதா நைலான் சேலையைக் கேட்காமலே எடுத்துவந்தேன். அதை நீளவாக்கில் முறுக்கி நாலு பேரும் இடுப்போரம் பிடித்துக்கொண்டோம். நான் “ஏறு!” என்று கத்தினால் நாலு பேரும் ஏற வேண்டும். யாராவது ஒருத்தி பின்தங்கினால் சேலை இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் நாள் நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். பத்து நாளில் சேலை தொய்யவும் இல்லை, இழுக்கவும் இல்லை. ஒரு பொடுசு சத்தம் போட்டு மூன்று அக்காக்கள் நடப்பதா என்று தோழிகள் முனகினார்கள். “அவளுக்குத்தேன் கண்ணு அங்கிட்டே இருக்கு, சொன்னபடி ஏறுவோம்” என்று அவர்களை அடக்கியது என் அக்கா. சேலை கிழிந்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கியதும் அவள்தான்.

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. பத்தாவது பரீட்சை எழுதியிருந்தாள். திருச்சியில் ஒரு விளையாட்டு விடுதியில் இடம் கேட்டிருந்தாள். கிடைத்தால் பதினொன்றும் பன்னிரண்டும் அங்கே தங்கிப் படிக்கலாம், ஆடலாம். கிடைக்காவிட்டால் படித்தது போதும், தையல் வகுப்பு என்று குவைத்திலிருந்து அப்பா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். விடுதியின் கோச் மேடம் எங்கள் திருவிழா ஃபைனலுக்கு நேரில் வந்து அக்காவைப் பார்ப்பதாக ஏற்பாடு. அரையிறுதியில் அக்கா ஒருமுறை தடுக்கி விழுந்தாள். முட்டியில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து ஆடினாள். நாங்கள் ஜெயித்து ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எதிரே, நான் வேண்டிக்கொண்ட மாதிரியே, அறந்தாங்கி.

இப்போது மாமா. அம்மாவின் தம்பி. விராலிமலைச் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் குட்டி லாரி ஓட்டினார். ஆனால் அவரைக் கேட்டால் தன் தொழில் லைன்ஸ்மேன் என்றுதான் சொல்வார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே போட்டி நடந்தாலும் கோட்டோரமாகக் கொடியோடு ஓடுவது மாமாதான். மஞ்சள் துணியில் அவரே தைத்துக்கொண்ட கொடி, வண்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஃபைனல் அன்றைக்கு அறந்தாங்கிக்காரர்கள், லைன்ஸ்மேன் இவர்களுக்கு மாமா முறை என்று ஆட்சேபம் செய்தார்கள். “என் கொடிக்குச் சொந்தக்காரவுக கெடையாதுங்க” என்றார் மாமா. ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஆட்டம் நாங்கள் நினைத்தபடியே போனது. அவர்களுடைய ஒன்பதாம் நம்பர்க்காரி காற்றாய்ப் பறப்பாள். பறந்து என்ன செய்ய? நான் கத்துவேன், நாலு பேரும் ஏறுவோம், கொடி எழும், விசில் ஊதும். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை முறைப்பாள். நான் பல்லைக் காட்டுவேன். பாதி நேரத்துக்குப் பிறகு பக்கம் மாறி, மாமா ஓடுகிற பாதிக்கு நாங்கள் தடுக்க வந்தோம். அக்காவுக்கு மூன்று அடி தள்ளிக் கோட்டுக்கு அந்தப்புறம் மாமா. எங்களோடு சேர்ந்து ஏறுவார், எங்களோடு சேர்ந்து இறங்குவார். அவர் கொடியும் இரண்டு தடவை எங்களுக்காக எழுந்தது.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். கோல் இல்லை. மைதானத்தின் வலக்கோடியில் அவர்களுடைய ஒருத்தி பந்தை எடுத்துத் தலையை நிமிர்த்தினாள். உதைக்கப் போகிறாள். “ஏறு!” என்று தொண்டை கிழியக் கத்தி, ஏறி, கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றேன். பந்து என் தலைக்கு மேலே போனது. ஒன்பதாம் நம்பர் தனியாக ஓடினாள். ஓடட்டும், எங்கே போகிறாள் என்று நின்றேன். விசில் வரவில்லை. அவள் கீப்பரைத் தாண்டிப் பந்தை உள்ளே தட்டினாள். கையைத் தூக்கியபடியே திரும்பிப் பார்க்கிறேன், மாமாவின் கொடி காலோரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

என்ன ஓட்டம் ஓடினேன் என்று தெரியாது. அந்த ஓட்டத்தைப் பந்தின் பின்னால் ஓடியிருந்தால் கோலே விழுந்திருக்காது என்று மிஸ் பிற்பாடு சொன்னார். மாமாவின் முன்னால் போய் நின்று, “கண்ணு தெரியலையா மாமா ஒங்களுக்கு? நாலு பேரும் ஏறிட்டோம்ல! எதுக்குக் கொடி தூக்கல?” என்று கத்தினேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எங்கேயோ ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தூக்க எடமில்ல தாயி. போய் ஆடு” என்றார். நான் அவர் கையிலிருந்த கொடியைப் பிடுங்கிச் செம்மண்ணில் எறிந்தேன்.

மஞ்சள் அட்டை காட்டினார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு பொம்பளைப் பிள்ளை வாங்கிய முதல் மஞ்சள் அட்டை அது. இன்றைக்கும் அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம். அதைவிடக் கொடுமை, மருமகள் என்றும் பாராமல் நேர்மையாக நின்ற மனிதர் என்று மைக்கில் மாமாவைப் புகழ்ந்தார்கள். மாமா பார்க்கத் தவறியதைத்தான் நேர்மை என்று கொண்டாடுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. எதிர்ப்பக்கத்துச் சாமியானாவில் உட்கார்ந்திருந்த கோச் மேடம் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா மைதானத்தைக் குறுக்கே கடந்து, மெதுவாக, அடி மேல் அடி வைத்து நடந்து போனாள். இடம் உறுதி என்றார் மேடம். இடம் கிடைக்கப் போகிற பவுசில் நடையைப் பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு எல்லோரும் நடந்து வர, அவள் மட்டும் மாமாவின் வண்டியில் ஏறிப் போனாள். எதிரியின் வண்டியில்! அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் அவளோடு உட்காரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புதுநன்மை. கோவிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். என் வயதுப் பிள்ளைகள் முந்தின வருஷமே வாங்கிவிட்டார்கள். அந்த நேரம் எனக்கு அம்மை போட்டிருந்ததால் ஒரு வருஷம் தள்ளிப்போனது. எங்கள் பக்கத்தில் புதுநன்மைக்கு உடுப்பு எடுப்பது தாய்மாமன். வெள்ளை கவுன், தலைக்குக் கிரீடம் மாதிரி பூமுடி, மெழுகுதிரி, மாலை, எல்லாம் தாம்பாளத்தில் வரும். அதை உடுத்திக்கொள்ள மாட்டேன், பள்ளிக்கூட யூனிபாரத்தில் போகிறேன் என்றேன். அம்மா திட்டினாள், அழுதாள், விளக்குமாற்றைத் தூக்கினாள். நான் அசையவில்லை.

அதற்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம். பொய் சொன்னது, மாங்காய் திருடியது எல்லாவற்றையும் ஃபாதரிடம் வரிசையாகச் சொன்னேன். கடைசியில், “மாமா மேல கோவமா இருக்கேன் ஃபாதர். ஆனா அது பாவத்துல சேராது. தப்பு அவரு மேல” என்றேன். ஃபாதரும் ஆட்டத்தைப் பார்த்தவர்தான். சமாதானம் செய்துகொண்டு வா என்றார். அவர் ஒத்துக்கொண்டால் செய்துகொள்கிறேன் என்றேன். மூன்று ‘அருள்நிறை மரியே’ செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஞாயிறு காலை. வீடு நிறையச் சொந்தபந்தம். யூனிபாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்; பின்னால் நின்று அக்கா எனக்குத் தலை சீவிக்கொண்டிருக்கிறாள். மாமா தாம்பாளத்தோடு வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புது வேட்டி. “கொடி தூக்காதது தப்புன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க மாமா. அப்பத்தேன் போட்டுக்குவேன்” என்றேன். யாரோ ஒரு பெரியம்மா, “அடி ஆத்தீ, இவ வாயப் பாரேன்” என்றாள். அம்மா என்னை அடிக்க வந்தாள். மாமா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். தாம்பாளத்தை என் காலடியில் வைத்தார். நிமிர்ந்து, அன்றைக்கு மைதானத்தில் பார்த்த மாதிரியே, எனக்கு மேலே பார்த்தார்.

“ஆமா தாயி. அது ஆஃப்சைடுதேன். மாமா பாக்காம விட்டுட்டேன். தப்பு என் மேலதேன்.”

ஜெயித்துவிட்டேன். கவுனைப் போட்டுக்கொண்டு, பூமுடி வைத்துக்கொண்டு, மெழுகுதிரி பிடித்து ஊர்வலத்தில் தலை நிமிர்ந்து நடந்தேன். கோவிலில் நன்மை வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் வந்தார்கள். மாமா மட்டும் எழவில்லை. பெஞ்சில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். தோற்றுப்போன வெட்கம், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். லைன்ஸ்மேன் தன் வாயாலேயே தப்பை ஒத்துக்கொண்டார் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. அடுத்த திருவிழாவில் கமிட்டிக்காரர்கள் கொடியை வேறொருவரிடம் கொடுத்தார்கள். அதற்கடுத்த வருஷமும் மாமாவைக் கூப்பிடவில்லை. மற்ற ஊர்க்காரர்களும் மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டார்கள். நியாயம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வருஷம் ரெஃப்ரி பயிற்சி முடித்து, ஒரு பள்ளிப் போட்டியில் முதன்முதலாக நானே கொடி பிடித்தேன். கோட்டோரமாக நின்றபிறகுதான் ஒன்று தெரிந்தது. பின்வரிசை நால்வரில் யாருக்கும் அந்த வரிசை நேராக இருக்கிறதா என்று தெரியாது. அவர்கள் பந்தைப் பார்க்கிறார்கள். வரிசையைப் பக்கவாட்டில் பார்க்கிறவர் மைதானத்திலேயே ஒருத்தர்தான், கொடி பிடித்தவர். அன்றைக்கு என் கண்முன்னால் மூன்று பேர் ஏறினார்கள், ஒருத்தி தொடையைப் பிடித்துக்கொண்டு பின்தங்கினாள். கீப்பரோடு சேர்த்துக் கணக்குக்கு இரண்டு பேர்; நான் கொடியைத் தூக்கவில்லை. தூக்க இடமில்லை. நடுவில் நின்ற பொடுசு ஒன்று கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, “கண்ணு தெரியலையா மிஸ்?” என்று கத்தியது.

ஆட்டம் முடிந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் இப்போது காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மிஸ். ஃபைனல் அன்றைக்கு நீ ஏறினாயா இல்லையா என்று ஒரே கேள்வி கேட்டேன்.

“ஒன் சத்தம் கேட்டுச்சுடி. காலு வரல. அரையிறுதியிலயே முட்டி போயிருச்சு, யாருக்கிட்டயும் சொல்லல. மாமா பாத்துட்டாரு. அவரு வாயத் தொறந்தா எல்லாரும் என்னையத்தேன திரும்பிப் பாத்துருப்பாக? மேடமும்தேன்.”

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். “ஒங்கிட்டச் சொல்றதும் மைக்குல சொல்றதும் ஒண்ணு” என்றாள்.

மாமாவிடம் நேரில் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை, எப்போதும் கேள்வி கேட்கிறபடிதான் கேட்டேன். “மாமா, அது ஆஃப்சைடு இல்ல, ஆன்சைடு. ஒத்துக்கங்க” என்றேன். லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பக்கூட இல்லை. “ஆஃப்சைடுதேன் தாயி. ஊரு முன்னாடி ஒத்துக்கிட்டேன்ல, இப்ப என்னத்துக்கு மாத்தச் சொல்ற?” என்றார். இந்தப் பிடிவாதம் எனக்கு எந்த வழியில் வந்தது என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும். பொய் சொல்லிவிட்டு நன்மை வாங்கக் கூடாது என்று எங்களுக்குச் சின்னதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கொடியைத் தூக்காமல் இருந்தபோது அவர் பொய் சொல்லவில்லை. என் புதுநன்மையன்று காலையில்தான் சொன்னார். அதற்கும் நான்தான் கழுத்தில் கத்தி வைத்தேன்.

கேட்டது தப்பில்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன் கண்ணில் பட்டதைக் கேட்க உரிமை உண்டு. என் கண்ணில் படாதது எனக்கு இடப்பக்கக் கடைசியில் நின்றது, அவ்வளவுதான். மைதானத்தில் கையில் சேலை இல்லை. இருந்திருந்தால் இழுத்திருக்கும்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இழுக்கத்தான் செய்தது. மாமா எனக்கு மேலே பார்த்துக்கொண்டு, தப்பு என் மேல்தான் என்று சொன்னபோது, என் தலையில் ஓடிக்கொண்டிருந்த சீப்பு சட்டென்று நின்றது. பிடித்திருந்த முடியை அக்காவின் கை இறுக்கிக்கொண்டது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயித்த மிதப்பில், “வலிக்குதுடீ, சீக்கிரம் சீவு, கோவிலுக்கு நேரமாச்சு” என்று அவளை அதட்டினேன்.